நித்யாவுக்காக ஓடிய நீலக் கார்

வசந்தா ஆன்ட்டி போய்விட்டார் என்று அவருடைய பக்கத்து அபார்ட்மென்ட்காரர் தொலைபேசியில் சொன்னபோது நான் கலிஃபோர்னியாவில், மில்பிடாஸ் அலுவலகத்தில் இருந்தேன். மூளையில் ரத்தக்கசிவு. "ஃபேமிலிக்கு யார் சொல்றது?" என்று கேட்டார். ஆன்ட்டிக்கு இருந்த ஒரே உறவு மகள் நித்யா. அவள் எங்கே இருக்கிறாள் என்று ஆன்ட்டிக்கே தெரியாது.

ஆன்ட்டியும் நானும் ஒரே கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்த்தோம். அங்கே அவருடைய காரை அறியாதவர் இல்லை. ஐம்பதுகளில் செய்த அமெரிக்க கார். நீல நிறம், படகின் நீளம், பின்பக்கம் மீன் துடுப்புகள்போல் உயர்ந்த இரண்டு இறக்கைகள். அதை வாங்கியவர் ஆன்ட்டியின் கணவர். அவரும் நித்யாவும் வாரக்கடைசிகளில் கிரீஸ் படிந்த கையோடு அதன் அடியிலேயே கிடப்பார்களாம். "அப்பாவும் பொண்ணும் அந்தத் தகர டப்பாவையே கட்டிட்டு அழுங்க" என்று ஆன்ட்டி கத்துவாராம்.

கணவர் மாரடைப்பில் இறந்தார். தகனம் முடிந்த கையோடு நித்யா வீட்டை விட்டுப் போனாள். போன் நம்பரை மாற்றிவிட்டாள். மெயில்கள் திரும்பி வந்தன. அதன் பிறகுதான் ஆன்ட்டி அந்தக் காரை ஓட்டப் பழகினார். பவர் ஸ்டியரிங் கிடையாது. ஒவ்வொரு திருப்பத்திலும் முழு உடம்பாலும் ஸ்டியரிங்கை இழுப்பார்.

ஞாயிறு காலைகளில் பழைய கார்க்காரர்கள் கூடும் இடங்களுக்குப் போவார். ஒருமுறை நானும் போனேன். வெள்ளைக்கார முதியவர் ஒருவர் கதவைத் தடவி, தன் அப்பாவிடம் இதே கார் இருந்ததாகச் சொல்லி அழுதுவிட்டார். ஆன்ட்டி அவரை உள்ளே உட்காரவைத்தார். "பார்த்தியா, வர்றவங்க எல்லாம் அவங்கவங்க அப்பாவைத் தேடித்தான் வர்றாங்க. நித்யாவும் வருவாம்மா" என்றார். பிறகு மகளின் படத்தை ஒவ்வொருவரிடமும் காட்டிக்கொண்டு போனார். யாரும் அவளைப் பார்த்திருக்கவில்லை.

2008இல் ஆன்ட்டிக்கு வேலை போனது. வீடும் கைவிட்டுப் போகும் நிலை. காரை நல்ல விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார்.

"குடுத்துடுங்க ஆன்ட்டி, ப்ளீஸ்" என்று கெஞ்சினேன்.

"என் மூஞ்சியைப் பார்த்தா அவ திரும்பிப் போயிடுவா. காரைப் பார்த்தா நிப்பா. இதையும் வித்துட்டா எதை வெச்சு அவளைக் கூப்பிடறது?"

ஏன் திரும்பிப் போவாள் என்று கேட்டேன். ஓர் அமெரிக்கரை மணக்கப்போவதாக நித்யா சொன்ன அதே வாரத்தில்தான் அப்பா இறந்தாராம். உடலைக் கிடத்தியிருந்த இடத்திலேயே, "நீதான் அவரைக் கொன்னுட்டே" என்று ஆன்ட்டி சொல்லிவிட்டாராம். "வாய்ல வந்துடுச்சு. திரும்ப எடுத்துக்க முடியலையே!" என்று ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டார். அவரைத் தடுத்து நிறுத்த எனக்குப் பலம் போதவில்லை.

வீடு போயிற்று. ஆன்ட்டி சின்ன அபார்ட்மென்ட்டுக்குப் போனார், கார் எங்கள் கராஜுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பயணம் மட்டும் நிற்கவில்லை. கடைசியாகப் போனபோது வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தார். அன்றும் நித்யா வரவில்லை. ஆன்ட்டியின் தகனத்துக்கும் அவள் வரவில்லை. செய்தி சொல்ல எங்களுக்கு வழியே தெரியவில்லை.

காரை நான் விற்கப்போவதில்லை. ஞாயிறுதோறும் அதை எடுத்துப் போகிறேன். ஆன்ட்டி பழகிய அந்த வாக்கியமும் என்னிடம்தான் இருக்கிறது. அவரை அறிந்தவர்கள் யாராவது நித்யாவைச் சந்தித்தால், தயவுசெய்து அதை அவளிடம் சேர்த்துவிடுங்கள்:

"அப்பா செத்தது உன்னால இல்லடி, கண்ணு."