இளக்காரத்துக்கு இங்கிலீஷ்

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அதை நான் ஒருநாளும் குறையாக நினைத்ததில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், சீட்டு போடும் கவுண்டரில் ஆறு வருடம் உட்கார்ந்திருந்தேன். பேர் என்ன, வயசு என்ன, என்ன தொந்தரவு என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பவளுக்கு வாயும் இல்லாவிட்டால் பைத்தியம்தான் பிடிக்கும்.

ஒருநாள் காலை எனக்கு மெமோ வந்தது. லேட்டாக வந்ததற்கு ஏற்கெனவே இரண்டு வாங்கியிருந்தேன். மூன்றாவதுக்கு வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். மாலை ஐந்து மணிக்குள் நான் எழுதிக் கொடுக்கும் விளக்கத்தை மேனேஜர் ஏற்றுக்கொண்டால்தான் தப்பிக்கலாம். மெமோ இங்கிலீஷில் இருந்தது. நான் பி.ஏ. இங்கிலீஷ். அங்கே யாருக்கு எந்த இங்கிலீஷ் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். எனக்கு வந்ததில் எனக்கே ஒரு சொல் தெரியவில்லை. நோயாளியிடம் நான் 'டிரைசிவ்' ஆகப் பேசினேனாம். அதைப் போய் யாரிடம் கேட்பது? கவுண்டருக்குக் கீழே செல்போனை வைத்துத் தேடினேன்.

ஒருவரை ஒன்றுக்கும் ஆகாதவர் என்று காட்டுகிற சிரிப்புக்கும் பேச்சுக்கும் முன்னால் போடுகிற சொல்லாம். படித்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. நம் ஊரில் அதற்கு இளக்காரம் என்று பெயர். கிண்டல் வேறு, இளக்காரம் வேறு. கிண்டலில் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று சொல்வேன், இரண்டு பேரும் சிரிப்போம். இளக்காரத்தில் ஒருத்தர்தான் சிரிப்பார்.

நடந்தது இவ்வளவுதான். இரண்டு நாள் முன்பு கல்வராயன் மலையிலிருந்து ஒரு அம்மா காய்ச்சலோடு வந்தார். வயது கேட்டேன். "எனக்கு இன்னாம்மா தெரியும், நீயே பாத்துப் போட்டுக்க" என்றார். டோக்கன் கூப்பிடும் மைக் என் கையில் இருந்தது. "அப்போ பதினாறுன்னு போட்டுக்கிறேன். மாப்ள பாக்கட்டுமா?" என்று அதிலேயே கேட்டேன். ஹால் முழுக்கச் சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார். அங்கே உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெரிய மனிதர் புகார் நோட்டில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். சம்பந்தப்பட்டவங்களே சிரிச்சாச்சு, நடுவுல உனக்கென்னய்யா வந்தது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விளக்கத்தை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். அந்த அம்மாவும் என்னோடு சேர்ந்து சிரித்தார், ஆகவே அந்தச் சொல் எனக்குப் பொருந்தாது என்று முடித்திருந்தேன். பக்கத்துக் கவுண்டர் பெண் படித்துவிட்டு, "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்க்கா" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மூன்று மணிக்கு, ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க அந்த அம்மாவே வந்து நின்றார். விடுவேனா? எழுந்து வெளியே போய் அவரை நாற்காலியில் உட்காரவைத்தேன். "அம்மா, அன்னிக்கு நான் வெளையாட்டாத்தான பேசினேன்? நீங்களும் சிரிச்சீங்கள்ல? அதத்தான் இதுல எழுதிருக்கேன். ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்று தாளையும் பேனாவையும் நீட்டினேன்.

வாங்கிக்கொண்டார். முகத்தில் கோபமே இல்லை. "போடறம்மா, அதுக்கு இன்னா" என்றார். "சிரிக்காம இன்னா பண்றது? ஒடம்பு நெருப்பா கொதிக்குது. சீட்டு நீதான குடுக்கணும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "வேணாம்மா, குடுங்க" என்று தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பரிசோதனை முடிவை நானே போய் வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தேன்.

ஐந்து மணிக்கு மேனேஜரிடம் வேறொரு தாளைக் கொடுத்தேன். அதில் இரண்டே வரிதான். படித்துவிட்டு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இத நான் வாங்கிக்கினா ஒனக்கு வேல போயிடும்மா. தெரியும்ல?"

"தெரியுங்க சார்" என்றேன். "ஆனா நீங்க போட்டது சரியான வார்த்தைங்க."