திறந்த மைக்கில் நாற்பது விநாடி

எங்கள் பயிற்சியாளர் எங்களை அடிப்பதற்குப் பயன்படுத்தியது எரிபொருள் அளக்கும் கோல். ஒரு முழ நீளம். கோடுகளைச் சூடு வைத்துப் பொறித்த மரக்குச்சி. சிறு விமானத்தின் எரிபொருள் முள்ளை யாரும் நம்புவதில்லை. புறப்படுமுன் மேலே ஏறி, இறக்கைக்குள் இருக்கும் தொட்டியில் கோலை இறக்கி, ஈரம் எந்தக் கோடுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பார்த்தபின் கோல் அவருடைய இருக்கையின் பக்கவாட்டில் செருகப்பட்டுவிடும். உயரம் ஐம்பது அடி தவறினால் தொடையில் ஓர் அடி. ரேடியோவில் சொல் தடுமாறினால் விரல் முட்டியில். காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டில், விமானக் கதவு இடித்துவிட்டது என்று சொல்லிவைத்திருந்தேன்.

இலக்கியம் படிக்க வருவதற்கு முந்தைய ஆண்டு அது. ஓர் ஏப்ரல் பிற்பகலில், நகரின் வடக்கே உள்ள சிறிய விமானத்தளத்தில், நான் தொட்டிகளை அளந்தேன். இடது இறக்கையில் இருபத்தைந்து லிட்டர், வலதில் பதினேழு. ஒரு மணி நேரத்துக்கு இருபத்து நான்கு லிட்டர் செலவாகும். தெற்கே ஓசூர் தாண்டிப் போய்த் திரும்ப ஒரு மணி இருபது நிமிடம். தரையிறங்கும்போது தொடாமல் மிஞ்சியிருக்க வேண்டிய அரை மணி நேர இருப்பு தனி. எதுவும் தவறாமல் நடந்தாலும் இரண்டு லிட்டர் பற்றாக்குறை.

“நாப்பத்திரண்டுதான் சார் இருக்கு.”

“பெட்ரோல் வண்டி எப்ப வரும்?”

“அரை மணி ஆகுமாம் சார்.”

“அதுக்குள்ள மழை புடிச்சிக்கும். அறுபதுன்னு போடு.”

“சார்…”

“ஏம்மா, பங்க்ல வேலை பார்த்துட்டு வந்தியா? போடு. சும்மா போய்ட்டு வந்துடலாம்.”

புறப்பாட்டுத் தாளில் அறுபது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை.

திரும்பும்போது வானத்தின் வடபாதி கறுத்திருந்தது. மேகத்தைச் சுற்றி வந்ததில் பத்து நிமிடம் கூடுதலாகப் போயிற்று. எங்கள் தளத்தின்மேல் இடிமழை, பொம்மசந்திராவுக்கு மேலே வட்டமிட்டுக் காத்திருங்கள், இருபது நிமிடம் ஆகலாம் என்றார் கட்டுப்பாட்டாளர். ஒரு பெண் குரல். நாங்கள் கிளம்பி ஒரு மணி பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. தொட்டியில் எஞ்சியது சரியாக அரை மணி நேரத்துக்கு. கீழே ஆலைக் கூரைகள் சாய்ந்து சாய்ந்து சுழன்றன. காற்று விமானத்தைத் தூக்கி எறிந்தது. இருக்கைப் பட்டையை மீறி என் தலை கூரையில் மோதியது.

“சார், மேடே ஃபியூயல் சொல்லணும்.”

அந்த அரை மணி இருப்பைத் தின்னாமல் தரையிறங்க முடியாது என்று அறிவிக்கும் சொல் அது. சொன்னால் மற்ற விமானங்களை விலக்கி எங்களுக்கு வழிவிடுவார்கள். பிறகு, எவ்வளவு எரிபொருளோடு புறப்பட்டீர்கள் என்று விசாரிப்பார்கள்.

“சொன்னா என் லைசென்ஸ் போய்டும். கம்முனு சுத்து.”

இரண்டாவது வட்டத்தில் இஞ்சின் ஒருமுறை இருமியது. என் இடது கட்டைவிரலின் கீழே ரேடியோ பொத்தான் இருந்தது. அழுத்தினேன். எங்கள் அழைப்புக்குறி, மேடே ஃபியூயல், இருபத்தைந்து நிமிடம். கடைசிச் சொல் முடியுமுன் கோல் கட்டைவிரலில் இறங்கியது.

வலித்தால் கை விரியும் என்று நினைத்திருந்தேன். என் கை இறுகிப் பொத்தானைப் பற்றிக்கொண்டது. பொத்தான் அழுந்தியிருக்கும்வரை வெளியே இருப்பவர்களுக்கு எங்கள் குரல் கேட்கும். அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்காது. அவர் என் முகத்தருகே குனிந்து கத்திக்கொண்டே அடித்தார். விரலில், மணிக்கட்டில், மறுபடி விரலில். எலும்பு முறிந்த சத்தத்தை நான் காதில் அல்ல, பல்லில் கேட்டேன். கடைசியில் அவரே என் கையைப் பிய்த்தெடுத்தார். உடனே அந்தப் பெண் குரல் வந்தது. எதையும் விசாரிக்கவில்லை. இடப்புறம் திரும்புங்கள், நகருக்குள் இருக்கும் பழைய விமான நிலையம், ஓடுபாதை காலி. அவ்வளவுதான்.

தரையிறக்கியவர் அவர்; நன்றாகவே இறக்கினார். அங்கிருந்த ஊழியர் அதே கோலால் அளந்தபோது நான்கு லிட்டர் இருந்தது.

மூன்று வாரம் கழித்து விசாரணை. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. கட்டுப்பாட்டு அறையின் பதிவு மேசைமேல் ஓடியது, நாற்பது விநாடி. உயரத்தைக் குறைக்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன் என்றார் பயிற்சியாளர். அதிகாரி ஒரு தாளை என் பக்கம் தள்ளி, ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார்.

பயிற்சியாளர் தமிழில், பணிவாக ஏதோ நினைவூட்டுபவரைப்போலப் பேசினார்.

“பாப்பா, கடைசி வரிய கேட்டியா? அத எழுதினா நீயும் காலி. ஹைட் பத்திதான் பேசினார்னு சொல்லிடு. ரெண்டு பேரும் வீட்டுக்குப் போலாம்.”

அவர் சொன்னது உண்மை. பதிவை மூன்றுமுறை ஓடவிட்டுக் கேட்டேன். ‘கைய எடுடி.’ ஓர் அடி. என் தாயை இழுத்து ஒரு வசை. மூன்று அடி. ‘கைய ஒடைச்சிடுவேன்.’ ஐந்து அடி. பிறகு அந்தக் கடைசி வரி: ‘அறுபதுன்னு கையெழுத்துப் போட்டவ நீதானடி.’

வசைக்கு நிகரான ஆங்கிலம் கிடைக்கவில்லை; பொருளை முழுதாக விரித்து எழுதினேன். அடிகளை அவை விழுந்த இடத்தில் எண்ணிக்கையோடு குறித்தேன். கடைசி வரியையும் எழுதி, அதன்கீழ், கோல் காட்டியது நாற்பத்திரண்டு, அறுபது என்று எழுதியது நான் என்று சேர்த்தேன். தாளைத் திருப்பி வைத்தபோது பயிற்சியாளர் என்னைப் பார்க்கவில்லை. கட்டுப் போட்டிருந்த என் கையைப் பார்த்தார்.

அவருடைய பயிற்றுநர் உரிமம் ரத்தானது. என் பயிற்சியும் அத்தோடு நின்றது.

பறந்த நேரங்களைப் பதியும் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்றைய வரியை விசாரணை முடிந்த மாலையில் நிரப்பினேன்: ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம். குறிப்பு என்ற கட்டத்தில், புறப்பாட்டு எரிபொருள் நாற்பத்திரண்டு லிட்டர். அதற்குக் கீழே எல்லாக் கட்டங்களும் காலி.