சீலையின் மறுமுனை

போன கிழமை சைக்கிளின் முறிந்த கரியரை ஒட்டுவிக்கப் புளியந்தீவுக்குப் போயிருந்தேன். ஒட்டுக்கடைக்காரன் ஓர் இரும்புப் பீப்பாயைத் திறந்து ஒட்டுகிற வாயு வரத் தண்ணீருக்குள் காபைட் கல்லைப் போட்டான். அழுகின வெள்ளுள்ளியின் நாற்றம் கடை முழுக்கப் பரவியது. பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். நான் போகவில்லை. எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

நாற்றம் மூக்குக்குத்தானே, வயிறு ஏன் எரிய வேண்டும் என்று கேட்பீர்கள். அந்த வயிற்றெரிச்சலுக்குக் கனகரத்தினம் என்று பெயர்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய காலம். நான் பெரியகல்லாற்றில் பிறந்தவன். ஆனால் அங்கே இருந்த நாட்கள் குறைவு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். தோணி வலித்தேன், மலைநாட்டில் தேயிலைத் தோட்ட லயத்துக்கு வெள்ளை அடித்தேன், கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். துறைமுகத்தில் முதுகு கூனியது, கொஞ்சம் இங்கிலீசு வந்தது. பட்டினி கிடந்த காலங்களும் உண்டு. அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாரும் கிடந்தார்கள்.

அந்த இங்கிலீசுதான் என்னை, சனம் நெருப்புத்துரை என்று கூப்பிட்ட வெள்ளைக்காரரிடம் சேர்த்தது. கொழும்பில் பல்கலைக்கழகம் என்று சொல்லத் தொடங்கியிருந்த இடத்தில் அவர் விரிவுரையாளர். காட்டுத் தீயைப் பற்றிப் படித்தவர். மாணவர்களுக்கு மட்டும் சொல்லி என்ன பயன், தீ வைக்கிறவனுக்கல்லவா சொல்ல வேண்டும் என்று கோடை பிறந்ததும் மட்டக்களப்புக்கு வந்துவிடுவார். வாவிக்கு மேற்கே படுவான்கரையில், காட்டோரக் கிராமங்களில், ஒவ்வொரு கோடையும் மாடு மேய்க்கிறவர்கள் இலுக்குப் புல் வெளிக்குத் தீ வைப்பார்கள். எரிந்த தரையில்தான் மழைக்குப் பிறகு இளம்புல் வரும். சேனைப் பயிருக்குக் காடு வெட்டுகிறவர்கள் வெட்டியதைக் கொளுத்துவார்கள். மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கும். அந்தக் காற்றில் நின்றால் உதடு வெடிக்கும். வைத்த தீ வைத்த இடத்தில் நிற்காது. காடு போகும், சில வருடங்களில் வீடுகளும் போகும்.

தீ வைக்காதே என்று துரை ஒருநாளும் சொன்னதில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது. வை, ஆனால் முதலில் வீட்டுப் பக்கமாகப் புல்லை வெட்டி வெறும் தரையாக ஒரு பட்டை எடு. காற்று தணிகிற பின்னேரத்தில், பட்டையை ஒட்டிக் காற்றுக்கு எதிராகத் தீ வை. அது மெல்ல மெல்லப் பின்வாங்கி எரியும் என்பார். இவ்வளவுதான் பாடம். இதைக் காட்ட ஒரு படவிளக்கு வைத்திருந்தார். காபைட் வாயுவில் எரிகிற விளக்கு. கண்ணாடித் தட்டுகளில் படம். எதிரே வெள்ளைச் சீலை.

எல்லாவற்றையும் ஏறாவூர் வண்டிக்கார அண்ணன் மீராசா காக்காவின் மாட்டுவண்டி சுமந்தது. விளக்குக்குக் காபைட் போடுவது நான், தட்டு மாற்றுவது நான், துரை சொல்வதைத் தமிழில் சொல்வதும் நான். என் தமிழாக்கத்தில் ஒரு குறை இருந்ததாகத் துரை நினைத்தார். அவர் ஒரு வசனம் சொன்னால் நான் கொஞ்சம் நீட்டிச் சொல்வேன். வடஇந்தியக் காடு எரிகிற படத்தைப் பார்த்து ஒரு கிழவர், "இது ஆர்ர காடு மனே?" என்று கேட்டார். நான் அந்தக் காட்டுக்காரனுக்கு ஒரு பெயர் வைத்து, அவனுடைய மாமியாரோடு அவனுக்கிருந்த சண்டையிலிருந்து தொடங்கினேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. துரை என்னைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அடுத்த ஊரில் கனகரத்தினம் வந்தான். களுதாவளைக்காரன். என் வயதுதான். இங்கிலீசுப் பள்ளியில் மேல்வகுப்பு வரை படித்தவன். ஊர்த் தலைமைக்காரரான விதானையார், தமிழில் சொல்ல ஒரு நாளைக்கு மட்டும் என்று கூட்டிவந்து விட்டார். வெள்ளை வேட்டி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. அதெல்லாம் பரவாயில்லை. அவனுடைய குரல்! துரை ஒரு வசனம் சொன்னால் அவன் ஒரே ஒரு வசனம் சொல்வான். அது பின்வரிசை வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். பெண்கள் பாயை முன்னுக்கு இழுத்துப் போட்டார்கள். நான் விளக்குக்குப் பின்னால் காபைட் நாற்றத்துக்குள் நின்று அதைப் பார்த்தேன். அன்று பிடித்த எரிச்சல்.

ஒரு நாள் ஒரு கிழமையானது, பிறகு பருவமே அவனுடையதானது. கோடை முடிய ஒருவனைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் நிரந்தர உதவியாளாக வைக்கப் போவதாகத் துரை சொல்லியிருந்தார். எனக்கு அந்த வேலை வேண்டும். ஓட்டுக் கூரை, மாதச் சம்பளம், தினமும் ஒரே தலையணை. அலைகிறவனுக்கு அலைச்சல் பிடிக்கும் என்று நினைக்கிறவர்கள் அலைந்து பாராதவர்கள்.

"ஒனக்கு அவனக் கண்டா முகம் கோணுது தம்பி," என்பார் மீராசா காக்கா. "மாடே பாத்துச் சிரிக்குது."

"எனக்கென்ன காக்கா. அவன் பாட்டுக்கு அவன்."

"அப்ப ஏன் அவன் சோத்தத் எட்டி எட்டிப் பாக்கிறாய்? ஒன்ட சோத்துல இரிக்கிற மீன்தான் அதுலயும்."

உண்மைதான். அவனுடைய துண்டு பெரிது என்று எனக்குத் தோன்றும்.

பருவக் கடைசியில் பெரிய செயல்விளக்கம் ஒன்று நடத்த ஏற்பாடானது. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். வாவிக்கரையில் வீடுகள், மேற்கே பரந்த இலுக்கு வெளி. இரண்டுக்கும் நடுவில் பட்டை வெட்ட வேண்டும். வெட்ட யாரும் வரவில்லை. துரையின் படங்களுக்கு வந்த கூட்டத்தில் கத்தியோடு வந்தவர் ஒருவரும் இல்லை. துரை தலையில் கையை வைத்துக்கொண்டார்.

கனகரத்தினம்தான் வழி கண்டான். அரசாங்கக் காணியில் இலுக்கு வெட்ட அனுமதி வாங்க வேண்டும். கூரை வேயவோ இலுக்கில்லாமல் முடியாது. "பட்டையில வெட்டுற இலுக்கு வெட்டினவங்களுக்கே சொந்தம். ஆரும் கேக்கமாட்டாங்க," என்றான். துரை விதானையாரிடம் பேசிச் சம்மதம் வாங்கினார். விடிந்தால் ஊரே அங்கே நின்றது. வெட்டு வெட்டென்று வெட்டி, வண்டி திரும்பும் அகலத்துக்கு வெறும் தரை எடுத்துவிட்டார்கள். துரை கனகரத்தினத்தின் தோளில் கையைப் போட்டார். என் தோளில் அப்போது விளக்குப் பெட்டி இருந்தது.

அடுத்து நடந்தது அந்த ஊரவர்களால் மட்டும் ஆகக்கூடியது. வெட்டின இலுக்கைப் பச்சையாகக் கட்டினால் மக்கிவிடும், காயப்போட வேண்டும். கறையான் இல்லாத, முள்ளில்லாத, துப்புரவான தரை வேண்டும். அப்படி ஒரு தரை அந்த ஊரில் புதிதாக ஒன்றுதான் இருந்தது. அவரவர் வெட்டின துண்டிலேயே அவரவர் இலுக்கைப் பரப்பினார்கள். பக்கத்து வீட்டாரோடு கலந்துவிடாது பாருங்கள். துரை அந்த நாட்களில் விருந்தாளிகளை அழைக்கப் பட்டினத்துக்குப் போயிருந்தார். தீ தாண்டாமலிருக்க எடுத்த பட்டை, வெயிலில் காய்ந்து சலசலக்கும் இலுக்குப் பாயாகக் கிடந்தது.

நான் பாக்கியமக்காவிடம் சொன்னேன். பட்டைக்கு ஆகக் கிட்ட இருந்தது அவளுடைய குடிசைதான்.

"அக்கா, இத அள்ளுங்க. இதுல தீ ஏறினா ஒங்கட கூரைக்குத்தான் முதல்ல வரும்."

"காயாமக் கட்டச் சொல்றியா மனே? மறுகா கூரை ஒழுகினா நீயா வந்து குடை பிடிப்பாய்?"

கனகரத்தினத்திடம் போனேன். வாய்க்கால் கட்டில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். சொன்னதைக் கேட்டுச் சிரித்தான்.

"மச்சான், இலுக்கு குடுத்தது நான் எண்டுதானே ஒனக்குக் கோவம்? மற்ற ஆரும் குடுத்திருந்தா இப்பிடி ஓடி வந்திருப்பியா?"

அவன் சொன்னதும் உண்மை, நான் சொன்னதும் உண்மை. அப்படியும் அவன் அன்று பின்னேரம் வீடு வீடாகப் போய், "நாளைக்குத் தீ வைக்க முன்ன அள்ளிடுங்க," என்று சொல்லித்தான் வந்தான். அவனுடைய குரலில் சொன்னால் நடந்துவிடும் என்று அவன் நம்பினான். இலுக்குக் காய்ந்தவர்கள் அள்ளினார்கள். இன்னும் ஈரம் என்று நினைத்தவர்கள் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டார்கள்.

மறுநாள் துரை காரில் வந்தார். பின்னால் உத்தியோகத்தர்கள், நாலைந்து ஊர்த் தலைமைக்காரர்கள். நாற்காலி போட்ட இடத்தில் பட்டை கூட்டித் துடைத்த முற்றம்போல் இருந்தது. அதற்கு அப்பால் பட்டை வளைந்து நாவல் மரங்களுக்குப் பின்னால் போகும். பாக்கியமக்காவின் அள்ளாத துண்டு அந்த வளைவுக்குள். நான் துரையிடம் போய் என் துறைமுக இங்கிலீசில் சொன்னேன். அவர் கனகரத்தினத்தைப் பார்த்தார். "எல்லாம் அள்ளியாச்சு, சேர்," என்றான் அவன், அழகான இங்கிலீசில். துரை என் முதுகில் தட்டினார். சின்னப்பிள்ளைகளைத் தட்டுகிற மாதிரி. என் எரிச்சல் துரைக்கும் தெரிந்திருந்தது என்பது அந்தத் தட்டில்தான் எனக்கு விளங்கியது.

தீ வைத்தார்கள். அழகாகத்தான் எரிந்தது. துரை சொன்னபடியே பின்வாங்கிப் பின்வாங்கி, காற்றுக்கு எதிராக ஊர்ந்து போனது. விருந்தாளிகள் கைதட்டினார்கள். பட்டை ஓரமாக அது நாவல் மரங்களைக் கடந்ததும் சத்தம் மாறியது. பச்சைப்புல் கலந்து எரிந்தால் முணுமுணுக்கும். காய்ந்த இலுக்கு எரிந்தால் கைகொட்டுகிற மாதிரி வெடிக்கும். பாக்கியமக்கா கத்தினாள்.

நாங்கள் ஓடிப்போனபோது பட்டையே எரிந்துகொண்டிருந்தது. கனகரத்தினம் ஒரு கணம் நின்றான். பிறகு திரும்பி ஓடி, படம் காட்டக் கட்டியிருந்த சீலையை ஒரே இழுப்பில் கிழித்துக்கொண்டு வந்து, மாட்டுக்குத் தண்ணி வைக்கிற தொட்டிக்குள் அமுக்கினான். நனைந்த சீலையைத் தனி ஆளால் தூக்க முடியாது. மறுமுனையை நான் பிடித்தேன். ஆளுக்கொரு பக்கம் நின்று விரித்து, தீயின் மேல் போட்டு அமுக்கி, தூக்கி, மறுபடி போட்டோம். அவன் நின்றது நாற்காலிப் பக்கம். நான் நின்றது புகைப் பக்கம். அவன் அங்கிருந்து, "தண்ணி கொண்டு வாங்க! கூரைய நனையுங்க!" என்று கூவினான். அந்தக் குரலுக்கு ஊர் ஓடியது. நானும் கூவினேன் என்றுதான் நினைக்கிறேன். இருமலுக்குள் எது கூவல் என்று எனக்கே தெரியவில்லை.

தீ அடங்கியது. பாக்கியமக்காவின் கூரையில் பாதி போனது, காய்ந்த இலுக்கு முழுக்கப் போனது. என் வலது கை முழங்கை வரை வெந்தது. தழும்பு இப்போதும் இருக்கிறது, மாரியில் அரிக்கும். விருந்தாளிகள் கனகரத்தினத்தைச் சுற்றி நின்றார்கள். உத்தியோகத்தர் ஒருவர் தன்னுடைய கைலேஞ்சியைக் கொடுத்து முகத்தைத் துடைக்கச் சொன்னார். இலுக்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பாக்கியமக்கா மட்டும் என்னிடம் வந்தாள். கைக்கு மருந்து கேட்க வருகிறாள் என்று நினைத்தேன்.

"கண்டவன் நீதானே மனே? கொஞ்சம் பெலத்துச் சொல்லப்படாதா?"

துரை கனகரத்தினத்தைக் கொழும்புக்குக் கூட்டிப்போனார். வண்டியில் திரும்பும்போது மீராசா காக்கா மாட்டின் கயிற்றைத் தளர்த்திவிட்டார். பிறகு, "மறுமுனையப் பிடிக்காம விட்டிருந்தா அவன் என்ன செஞ்சிருப்பான் தம்பி?" என்று கேட்டார். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். விட்டிருக்க முடியாது, கூரை பாக்கியமக்காவுடையது.

யுத்தம் வந்தது. நான் திருகோணமலைக்குப் போனேன், குண்டு விழ அங்கிருந்து நடந்தேன், இன்னும் எங்கெங்கோ. யுத்தம் முடிகிற காலத்தில் படுவான்கரையில் நெல்லு மூட்டை ஏற்றிக்கொண்டு நின்றபோது பள்ளிக்கூட வளவில் கூட்டம். போய்ப் பின்னால் நின்றேன். கழுத்துப்பட்டி கட்டிய கனகரத்தினம், கொஞ்சம் தொந்தியோடு. துரை ஓய்வு பெற்றுவிட்டாராம், பாடம் சொல்வது இப்போது இவன். தொண்டையைக் கனைத்து முதல் வசனத்தைச் சொன்னான்:

"வெட்டின இலுக்க வெட்டின இடத்தில காயப்போடாதீங்க. தீக்கு நீங்களே பாலம் கட்டிக் குடுக்காதீங்க."

சனம் தலையாட்டியது. ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், "நல்லாச் சொல்றார்கா," என்றாள். என் வெந்த கை அரித்தது; மாரி கூட இல்லை.

முடிந்ததும் என்னைக் கண்டு நேரே வந்தான். மறைக்கவில்லை, கூசவில்லை. "மச்சான்! நீ சொன்னதத்தான் ஊர் ஊராச் சொல்லிக்கொண்டு திரியிறன்," என்று சிகரெட் நீட்டினான்.

"அப்ப என்ட பேரையும் சொன்னா என்ன?"

"பேரச் சொன்னா சனம் கதையக் கேக்கும், பாடத்த விட்டிரும். நீ கதைச்ச காலத்தில அதுதானே நடந்தது?" என்று சிரித்தான். மாமியார்க் கதையை அவன் கேள்விப்பட்டிருக்கிறான். சிகரெட்டை வாங்கிக்கொண்டேன். அது நல்ல சிகரெட்டாக இருந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வெளி இப்போது இல்லை. புதிதாகக் கட்டிய குளத்தின் தண்ணீர் வாய்க்காலில் வந்து, கண்ணுக்கெட்டின தூரம் வயல் வட்டைகளாக நெல் நிற்கிறது. கூரையெல்லாம் தகரமும் ஓடும். பாக்கியமக்காவின் பேரப்பிள்ளைகளுக்கு இலுக்கைக் காட்டினால் என்ன புல் என்று கேட்பார்கள். படவிளக்கோடு வருகிற துரைமார் இல்லை. கனகரத்தினம் கொழும்பில் காலமானதைப் பத்திரிகையில் பார்த்தேன். மூன்று வரி போட்டிருந்தார்கள், படத்தில் அந்த வாரிய தலை அப்படியே.

அவன் இருந்தவரை அந்த இலுக்கு வசனம் எங்காவது ஒரு பள்ளிக்கூட வளவில் நல்ல குரலில் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது அது முழுக்க எனக்கே சொந்தம், கேட்கிறவர்கள்தான் இல்லை.