விளக்குக்கு நான் போட்ட தொப்பி

மாம்பலத்தில் புது வீடுகள் எழும்பியபோது பாதி வீடுகளுக்குக் கம்பி இழுத்து மின்சார விளக்கு மாட்டியவன் நான். சிந்தாதிரிப்பேட்டைப் பட்டறை, மயிலாப்பூர்க் கடை, எல்லாம் நானே உண்டாக்கியவை. இத்தனைக்கும் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன்.

அடையாற்றில் கடலைப் பார்த்த ஒரு பங்களாவின் மொட்டைமாடியில், அதன் முதலாளி கேட்டபடி கம்பம் நட்டுப் பெரிய பல்பு மாட்டினேன். ஒரு வாரத்தில் மீன் விற்கும் அம்மாள் ஒருத்தி பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"இன்னா நைனா, சூரியனையே மாட்டி வெச்சிக்கீறியே! எங்க ஆளுங்க விடியுமுன்ன மாதா கோயில் விளக்கப் பாத்துத்தான் கரை புடிப்பாங்க. உன் வெளிச்சத்துல அது கண்ணுக்கே தெரில. நேத்து எம் புருசன் வழி தப்பி, ஆத்து முகத்துவாரத்துல கட்டுமரம் கவுந்துட்ச்சி. நீந்தி வந்து பொழச்சாரு. நாளைக்கி யாரு போவாங்களோ?"

அன்றே தகரத்தை வெட்டி வளைத்து, உள்பக்கம் வெள்ளை பூசி, மேலேயும் கடல் பக்கமும் மறைக்கும்படி பல்புக்குத் தொப்பி மாட்டினேன்.

"வெளிச்சம் கேட்டா மூடி போடுறியே!" என்று முதலாளி பாய்ந்தார். வாசலில் நின்று செய்தித்தாளைப் பிரிக்கச் சொன்னேன். வானத்துக்கும் கடலுக்கும் வீணாய்ப் போன வெளிச்சம் தரைக்கு வந்திருந்தது. பொடி எழுத்துகூடத் தெரிந்தது.

கட்டுமரங்களும் வழி தவறவில்லை. அக்கம்பக்கத்துப் பங்களாக்காரர்கள் அதே தொப்பியைக் கேட்டு மாட்டிக்கொண்டார்கள். இன்று அதை அந்த முதலாளியின் யோசனை என்கிறார்கள். அவர் செய்தித்தாளைப் பிடித்தார், அவ்வளவுதான். குறையைச் சொன்னது அந்த அம்மாள், தொப்பியைச் செய்தது நான். இனி அப்படியே சொல்லுங்கள்.