மூச்சு விடாத துண்டு

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் பாண்டிமுருகன் வீட்டுக் கொல்லையில் கிடக்கும் பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் பேச வாருங்கள்.

பாண்டிமுருகன் பழைய ஓட்டு வீடுகளுக்குக் கூரை வேலை பார்ப்பவர். பயந்த ஆள் இல்லை. கூரையில் சுருண்டு கிடந்த பாம்பிடமே, "ஏலே, தள்ளிப் படு" என்று சொன்னவர். அப்பேர்ப்பட்ட மனிதர் பட்டப்பகலில், சித்திரை வெயிலில் நடுங்கிய கதை இது.

வீடு விஸ்வநத்தத்தில். பட்டாசும் தீப்பெட்டியும் செய்கிற ஊர். வீட்டுக்காரர் அருணாதேவி. கீழே கூடம், மேலே பலகை அடித்த மச்சு, அதற்கு மேல் ஓடு. ஓட்டைப் பிரித்து, கைமரங்களின் மேல் மெம்பிரேன் சீட்டை விரித்து அடித்து, மறுபடி ஓடு வேய வேண்டும். அந்தச் சீட்டு மழையை உள்ளே விடாது. உள்ளே இருக்கும் புழுக்கத்தை வெளியே விட்டுவிடும். வேலைக்காரர்கள் அதை மூச்சு விடுகிற சீட்டு என்பார்கள்.

"அதையே போடுங்க தம்பி. வேற எதையும் போட்டுறாதீக" என்று அருணாதேவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "மச்சுல ஓலைப்பெட்டி ஒண்ணு இருக்கு. எங்க வீட்டுக் கன்னி. அதத் தொடாதீக."

கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்ணை அந்தப் பக்கத்து வீடுகளில் கன்னி என்று கும்பிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை புதுப் பாவாடை சட்டை எடுத்துப் பெட்டியில் வைப்பார்கள். பாண்டிமுருகன் பெட்டியைத் தொடவில்லை. அந்தப் பேச்சை மட்டும் காப்பாற்றினார்.

இன்னொன்றைக் காப்பாற்றவில்லை. கடைசியில் ஒரு துண்டு அளவுக்குச் சீட்டு பற்றவில்லை. மதுரையில் சொல்லி வரவழைக்க வேண்டும். மேற்கே வானம் வேறு கறுத்திருந்தது. வண்டியில் பட்டாசு லோடை மூடுகிற பிளாஸ்டிக் கொஞ்சம் கிடந்தது. அதை வெட்டிக் கிழக்கு மூலையில் வைத்து அடித்துவிட்டார். மேலே ஓடு வந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? அடிக்கும்போதே மனசு உறுத்தியது. உறுத்தலோடுதான் அடித்தார்.

கூட வேலை செய்த சின்னச்சாமி டீ குடிக்கப் போனார். பாண்டிமுருகன் ஒண்டியாக ஓடு வேய்ந்துகொண்டிருந்தார்.

டக்.

கிழக்கு மூலையில் ஓர் ஓடு எழும்பி உட்கார்ந்தது. காற்று இல்லை. எதிர் வீட்டு வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. ஓட்டை அழுத்தி வைத்தார்.

டக்... டக்...

பிளாஸ்டிக் போட்ட இடம் மட்டும். எலியாக இருக்கும் என்று மச்சுக்கு ஏறினார். கதவைத் திறந்தே வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார். அது அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

உள்ளே அடுப்புக்குள் நுழைந்தது போல வெக்கை. எலி இல்லை. பசை வாடை அடித்தது. மைதா மாவு காய்ச்சிய பசை. அந்த வீட்டில் யாரும் பசை காய்ச்சி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

நிமிர்ந்து பார்த்தார். மற்ற சீட்டெல்லாம் அசையாமல் கிடந்தது. பிளாஸ்டிக் மட்டும் உள்ளே குழிந்தது... வெளியே உப்பியது... உள்ளே குழிந்தது.

அதில் சின்னதாக ஒரு வட்டம், ஆவி படிந்து வெளுத்தது. மறைந்தது. மறுபடி வெளுத்தது.

ஒரு வாய் அளவு.

அவருக்கு மூச்சு முட்டியது. திரும்பினார்.

கதவு சாத்தியிருந்தது.

தள்ளினார். அசையவில்லை.

"தப்புதாம்மா... தப்புதான்..."

கத்தியை உருவிப் பிளாஸ்டிக்கைக் கிழித்தார். முகத்தில் சூடாக ஒரு மூச்சு பட்டது. நீளமாக... ரொம்ப நீளமாக. அப்புறம் ஒன்றுமில்லை. கதவு தொட்டதும் திறந்தது.

நேராக அருணாதேவியிடம் போய் நின்றார். "அக்கா, சீட்டு பத்தல. ஒரு எடத்துல பிளாஸ்டிக் போட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

அவர் கோபப்படவில்லை. முகம்தான் வெளுத்துவிட்டது.

"கிழக்கு மூலையிலயா?"

எந்த இடம் என்று இவர் சொல்லவே இல்லை.

"கன்னின்னு கும்பிடுறோமே தம்பி, அவ எங்க வீட்டுப் பிள்ள இல்ல. ரோஜான்னு பேரு. தீப்பெட்டி ஒட்ட வந்த பிள்ள. எனக்கும் அவ வயசுதான். சின்னப் பிள்ளைகள வேலைக்கு வச்சிருக்காகளான்னு பாக்க ஆபீசருக வந்தாக. எங்கப்பா அவள மச்சுல ஏத்திக் கதவச் சாத்திட்டாரு. இதே சித்திர மாசம். வந்தவுக சாப்புட்டு, பேசி, பொழுது சாயத்தான் போனாக."

சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தெறந்தப்ப, கிழக்கு மூலைல ஒரு ஓட்ட நகத்திட்டு, அந்தச் சந்துல வாய வச்சபடியே கெடந்தா. நான் கீழதான் இருந்தேன். அவ தட்டுனது எனக்குக் கேட்டுச்சு தம்பி. அப்பாவுக்குப் பயந்து பேசாம இருந்துட்டேன்."

அடுத்த வாரம் சரியான சீட்டு வந்தது. பாண்டிமுருகன் கூலி வாங்காமல் அடித்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அங்கே ஓர் ஓடும் எழும்பவில்லை.

கிழித்தெடுத்த பிளாஸ்டிக்கைக் குப்பையில் போட அவருக்கு மனசு வரவில்லை. கொல்லையில் ஒரு கல்லை வைத்து வெயிலில் விரித்துப் போட்டிருக்கிறார். போன வாரம் நானும் தொட்டுப் பார்த்தேன். சுற்றிலும் காய்ந்து மொறுமொறுவென்று கிடக்கிறது.

அந்த வாய் அளவு வட்டத்தில் மட்டும் ஈரம் காயவில்லை. கை வைத்தால்... சுடுகிறது.