சீர் மேளத்தின் சுதி

திண்டுக்கல் பேகம்பூரில் அத்தாவின் தோல் கிடங்கில் வேலை பார்க்கும் ஃபயாஸ், ஞாயிற்றுக்கிழமை வந்தால் வேறு ஆள். லேப்டாப்பையும் மிக்ஸரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு டிஜே போடக் கிளம்பிவிடுவான். "அந்த டமார் டமாருக்கு என்ன படிப்பு வேண்டிக்கெடக்கு?" என்பார் அத்தா. படிப்பு இருக்கிறது. ஒரு பாட்டு முடியுமுன் அடுத்தது உள்ளே நுழைய வேண்டும். இரண்டின் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும், சுதியும் ஒத்துப்போக வேண்டும். வேகம் தப்பினால் ஆடுகிறவனுக்குக் கால் தடுமாறும். சுதி தப்பினாலோ, ஏனென்று தெரியாமலே எல்லோருக்கும் எரிச்சல் வரும். அந்த எரிச்சலுக்குத்தான் ஃபயாஸ் பயப்படுவான்.

அன்றைக்கு நத்தம் பக்கத்து மண்டபத்தில் ஒரு காதுகுத்து. அவன் வயர்களை மாட்டிக்கொண்டிருந்தபோதே பிள்ளையின் அம்மா புவனேஸ்வரி நேராக அவனிடம் வந்தாள்.

"தம்பி, இது என் சின்னவ காதுகுத்து. பெரியவளுக்கு வச்சப்ப வந்த டிஜே, எங்கண்ணன் சீரோட கூட்டியாந்த மேளத்தை அமுக்கிப்பிட்டான். அண்ணன் வாசலோட திரும்பிட்டாரு. தாய்மாமன் மடி இல்லாம வேற எவன் மடியில உக்கார வச்சுக் காது குத்த? அந்தா பாரு."

தூணோரம் பெரியவள் தமிழ்மதி நின்றாள். ஏழு வயது இருக்கும். பட்டுப்பாவாடை, தலை நிறைய மல்லிகை, காது மட்டும் மூளி.

"அப்ப மேளம் வரும்போது நிப்பாட்டிரவாக்கா?"

"நிப்பாட்டுனா எங்க வீட்டுக்காரரு தம்பிக குதிப்பாக. ரெண்டும் சேந்தே கேக்கணும். இந்தத் தடவையும் அண்ணன் திரும்பிட்டா அம்புட்டுதான். பெறந்த வீடே எனக்கில்ல."

"ஆகட்டும்க்கா" என்று சொல்லிவிட்டான்.

ஆள் கெட்டிக்காரன்தான். புவனேஸ்வரியின் அண்ணன் கருப்புசாமி கூட்டி வந்த மேளம் ஊர்க்கோயிலில் வாசித்துக்கொண்டிருந்தபோதே போய் நின்று கேட்டான். நாதஸ்வரம் இரண்டு கட்டைச் சுதி. அதே சுதியில் ஒரு டான்ஸ் பாட்டு எடுத்துவைத்தான். தவிலின் வேகமும் அதற்குப் பொருந்தியது. ஆனால் சாமி முன்னால் வாசித்த வேகத்தை நம்பி வந்தானே, அங்கேதான் கோட்டைவிட்டான். சீர்த்தட்டு மண்டப வாசலுக்கு வந்துவிட்டால் எந்த மேளமாவது நடக்குமா? ஓடும். பேகம்பூர்ப் பையனுக்கு அது உறைக்கவில்லை.

ஓடத்தான் செய்தது. முன்னால் கருப்புசாமி, பின்னால் தட்டு ஏந்திய பெண்கள், நடுவில் ஆட்டம். ஃபயாஸ் பதறிப்போய்ப் பாட்டின் வேகத்தைக் கூட்டினான். அவனுடைய பழைய லேப்டாப்பில் வேகத்தைக் கூட்டினால் சுதியும் கூடவே ஏறும். பாட்டு அரைக் கட்டை ஏறி நாதஸ்வரத்தோடு முட்டியது. கேட்டவர்களுக்குப் பல் கூசியது. நாதஸ்வரக்காரர் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

கருப்புசாமி படியில் வைத்த காலைக் கீழே இறக்கினார். "மறுபடியுமா? தட்டத் திருப்புங்கப்பா!"

ஆரத்தித் தட்டோடு நின்ற புவனேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபயாஸ் பாட்டை முழுக்க இறக்கிவிட்டு அடியில் கிடந்த 'தும் தும்' மட்டும் விட்டுவைத்தான். தவில் இன்னும் நிற்கவில்லை. வேகம் கூட்டினால் சுதி ஏறத்தானே செய்யும்? அப்படியானால் கீழேயிருந்து ஏறி வருகிற பாட்டு வேண்டும். முதல் பாட்டின் அதே வேகத்தில், ஆனால் ஒன்றரைக் கட்டையில் ஒன்று. இந்த வேகத்துக்குத் தள்ளினால் அது இரண்டில் வந்து நிற்கும். தேடினான். பெண்கள் தட்டோடு தெருப்பக்கம் திரும்பிவிட்டார்கள். கிடைத்தது; ஹெட்போனில் கேட்டான்; சரியாக நின்றது.

உடனே போடவில்லை. போட்டால் மேளத்தை முந்தியதாகிவிடும். மைக்கை எடுத்தான்.

"நாதஸ்வரத்தண்ணே, நீங்க எடுங்க. நான் பின்னால வாரேன்."

நாதஸ்வரக்காரர் கருப்புசாமியைப் பார்த்தார். கருப்புசாமி மேடையில் நின்ற ஃபயாஸைப் பார்த்தார். கடைசியில் அவர் தலையை லேசாக ஆட்ட, குழல் எழுந்தது. அது ஒரு சுற்று தனியாக வந்த பிறகே ஃபயாஸ் தன் பாட்டை அடியில் மெல்ல நுழைத்தான். இரண்டும் ஒன்றாய் ஒட்டிக்கொண்டன. சித்தப்பன்மார் விசிலடித்தார்கள். கருப்புசாமியின் கால் மறுபடி படியேறியது.

சீரை மணையருகே இறக்கிய பிறகும் அவர் சின்னவளைத் தூக்கவில்லை. தூணோரம் பார்த்தார்.

"நீதான் மொதல்ல, மதி. மாமன் மடிக்கு வா."

வெற்றிலைத் தட்டில் இரண்டு தோட்டு டப்பாக்கள் இருந்தன. ஒன்று புதுசு. இன்னொன்று சாயம் போன பழைய டப்பா; அதைத்தான் அவர் முதலில் திறந்தார்.