தேவகியின் இலைகள் காய்ந்த இடம்

தேவகி இறந்துவிட்டாள் என்று அவளுடைய தம்பி தொலைபேசியில் சொன்னபோது, நான் புகையறையின் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். காலைப் பெரட்டில் பேர் பதிந்துவிட்டு ஆட்கள் ரப்பர் பால் வெட்டப் போயிருந்தார்கள். "அக்கா போயிருச்சுண்ணே. நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றான். நான் "சரி" என்றேன். உள்ளே போய், பாதியில் நின்ற ரப்பர் ஷீட்டுகளைக் கம்பில் தொங்கவிட்டு முடித்த பிறகுதான் புறப்பட்டேன். இப்படிப்பட்டவன் எழுதும் அஞ்சலி இது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்களில் பலருக்கு அவளை தெஹியோவிட்ட பஜாரில் பாமசி மிஸ்ஸாகத்தான் தெரியும். இருமல் பாணி வாங்கப் போனால், எத்தனை நாளாக இருமல், சளி என்ன நிறம் என்று நூறு கேள்வி கேட்டு, பாதிப் பேரை மருந்து விற்காமலே ஆஸ்பத்திரிக்கு விரட்டிய மிஸ். முதலாளிக்கு அதில் கடுப்பு. அதற்கு முன் அவள் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை செய்தாள். புண்ணாகி வீங்கிப்போன நுரையீரலை ஆற்றும் பொருள் ஏதாவது ஆடாதோடை இலையில் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள்.

ஏன் நுரையீரல் என்று அவளிடம் யாரும் கேட்கத் தேவையில்லை. அவளுடைய அப்பா எங்கள் தோட்டத்துப் புகையறையில் விறகு தள்ளியவர். ஷீட்டை உலர்த்தும் அந்தப் புகையை இருபது வருடத்துக்கு மேல் குடித்தார். கடைசிக் காலத்தில் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்ததை நானும் பார்த்திருக்கிறேன். ஆடாதோடைக் கசாயம் கொடுத்தார்கள். போய்ச் சேர்ந்தார். "கசாயம் வேற, மருந்து வேற சிவா. எதுல இருக்கு, எவ்வளவு குடுக்கணும், யாருக்குக் குடுக்கக்கூடாது, இது மூணும் தெரிஞ்சாத்தான் மருந்து" என்பாள். இலை நல்லது என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. இலையை நம்பாததால்தான் அதை ஆராய்ந்தாள்.

எங்கள் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் விடாது. துவைத்த துணி காயாது. அதனால் தோட்டத்து மேனேஜர் துரைக்குத் தெரியாமல் எல்லாமே புகையறைக்குப் போகும்: பிள்ளைகளின் யூனிபோம், சப்பாத்து, மிளகு, கறிக்குப் போடும் கொறுக்காய். ஷீட் தவிர வேறு எதுவும் உள்ளே இருக்கக்கூடாது என்பது சட்டம். ஆனால் காலையில் பிள்ளை ஈரச் சட்டையோடு எப்படிப் பள்ளிக்கூடம் போகும்? தேவகியும் நானும் உயர்தரம் படிக்க கேகாலைக்குப் பஸ்ஸில் போனபோது, எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். தேவகி சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "என்ன நாத்தம்னே தெரியலயே" என்பாள். எனக்கும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே கிடந்த மூக்குக்கு அது எப்படித் தெரியும்?

ஆய்வுகூடத்துக்கு இலை எங்கள் தோட்டத்து வேலியிலிருந்துதான் போனது. அப்போது நான் புகையறைக்குப் பொறுப்பாக வந்திருந்தேன். முதல் தடவை அவளே வந்து பறித்து, என் குவாட்டர்ஸ் பின்கட்டில் நிழலில் பரப்பி, பக்கத்திலேயே இருந்து காயவைத்து எடுத்துப் போனாள். எலிகளின் நுரையீரலில் வீக்கத்தை உண்டாக்கி, அந்த இலையிலிருந்து பிரித்த பொருளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் குறைந்தது. அன்றைக்கு போனில் அவள் அழுதாள். "ஒரு தடவ நடந்தா அதுக்குப் பேரு அதிர்ஷ்டம். இன்னொரு தடவ நடக்கட்டும், அப்புறம் சொல்றேன்" என்றாள்.

அந்த இன்னொரு தடவைக்கான இலையை அனுப்பும் பொறுப்பை என்னிடம் விட்டாள். "நிழல்ல மட்டும் காயப்போடு சிவா, வெயிலும் வேணாம், சூடும் வேணாம்" என்று மூன்று முறை சொன்னாள். மழை பிடித்துக்கொண்டது. இலை கறுத்துப் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியது. மறுபடி பறித்தேன். இலைச் சாக்கு திங்கட்கிழமை கொழும்பு ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். யூனிபோம் காய்ந்த இடத்தில் இலை காயாதா என்று நினைத்தேன். இரண்டு நாள் புகையறை மேல்தட்டில் பரப்பி, மொறுமொறுவென்று எடுத்து அனுப்பினேன். அவள் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "அழகா காயவச்சிருக்க" என்று போனில் பாராட்டினாள்.

இரண்டாவது தடவை எலிகளின் நுரையீரல் முன்பைவிட மோசமாக வீங்கியது. சில செத்துப்போயின. பேராசிரியர் அவளைக் கூப்பிட்டு, முதல் தடவை எழுதிய முடிவு உண்மைதானா என்று கேட்டிருக்கிறார். அவளிடம் அப்படிக் கேட்டார்கள்! "எலி பொய் சொல்லாது. பொய் சொல்றதெல்லாம் நாமதான்" என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் அவள். மாதக்கணக்காக எங்கே தவறினேன் என்று தன் கணக்கையும் கையையும் தானே சந்தேகப்பட்டாள். அந்த மாதங்களில் இரண்டு தடவை என்னிடம் போனில் பேசினாள். இலையைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இலைக்கும் எலிக்கும் நடுவில் ஆயிரம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கண்டுபிடித்தது ஒரு சிங்களப் பிள்ளை. புதிதாகச் சேர்ந்த மாணவி. மிச்சமிருந்த இலைச் சாக்கைத் திறந்ததும், "மிஸ், மேக்க தும் கந்தய் நே" என்றிருக்கிறாள். இதில் புகை நாற்றம் அடிக்கிறதே மிஸ், என்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவகி பஸ் ஏறி வந்தாள். வாசலில் நின்றபடியே, "ஸ்மோக் அவுஸ்ல போட்டியா?" என்று கேட்டாள்.

"மழை தேவகி. வேற வழி இல்ல."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே. குப்பையில கொட்டியிருப்பேன். அவ்வளவுதானே?"

பதிலுக்கு நான் சொன்னதை இன்றைக்கும் மாற்றிச் சொல்ல முடியவில்லை. "தொரைக்குத் தெரிஞ்சா என் வேலை போயிரும்" என்றேன். மன்னித்துக்கொள் என்றுகூட இல்லை, அதுதான் முதலில் வந்தது.

அவள் கேட்டது ஒரே ஒரு வரி. இலையைப் புகையறையில் காயவைத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னாள். அது இருந்தால் இரண்டாவது சோதனையைத் தள்ளிவிட்டு, நல்ல இலையோடு மறுபடி தொடங்கலாம். இல்லாவிட்டால் புகைக் கதை அவளே கட்டியதாகிவிடும். தோட்டத்தின் அனுமதியோடு போன இலை என்பதால், கடிதம் துரைக்கும் வரும் என்று நான் சொன்னேன். குவாட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்வார்கள் என்றேன், மகள் சின்னவள் என்றேன். தேவகி என் மனைவி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தாள். மகள் என்ன படிக்கிறாள் என்று விசாரித்தாள். ஐந்து மணி பஸ்ஸில் போய்விட்டாள்.

காயவைத்தது யார் என்று பேராசிரியர் கேட்டபோது அவள் பெயர் சொல்லவில்லை. கவனிக்காமல் விட்டது தன் பிழை என்று மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவளுடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அந்த ஆய்வையும் மூடிவிட்டார்கள். அந்த இலையில் உண்மையிலேயே ஏதாவது இருந்ததா, இல்லையா? இன்றுவரை தெரியாது. இல்லை என்று தெரிந்திருந்தால்கூட அவள் நிம்மதியாக இருந்திருப்பாள்.

பிறகு அவளை பாமசியில் பலமுறை பார்த்திருக்கிறேன். என்னை ஒரு சொல்லாலும் சுடவில்லை. சுட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஒருமுறை மகளுக்கு மருந்து வாங்கப் போனபோது, "இன்னும் ஸ்மோக் அவுஸ்லதானா?" என்றாள். ஆமாம் என்றேன். முகக்கவசப் பெட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, "இத போட்டுக்கிட்டு உள்ள போ. எங்கப்பாவுக்கு யாரும் சொல்லல" என்றாள்.

சாவு வீட்டுக்குப் பேராசிரியர் காரில் வந்தார். தப்பு மேளச் சத்தத்தை நிறுத்தச் சொல்லிப் பேசவும் செய்தார். நல்ல உழைப்பாளி, திறமைசாலி, வேலையில் கொஞ்சம் கவனக்குறைவு இல்லாவிட்டால் எங்கேயோ போயிருப்பார் என்றார். செத்துக் கிடக்கிறவளின் தலைமாட்டில் நின்று சொன்னார். கூட்டம் தலையாட்டியது. அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன், வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு.

போனவர்களுடையது என்று பிறர் ஒரு பேனாவையோ படத்தையோ வைத்திருப்பார்கள். என்னிடம் இருப்பது என் வேலை. இந்தக் குவாட்டர்ஸ், கேகாலையில் படிக்கும் என் மகள், மாதம் தவறாமல் வரும் சம்பளம், எல்லாம் தேவகி விட்டுக் கொடுத்தவை. துரை இதைப் படித்துவிட்டு எடுத்துக்கொள்வதானால் எடுத்துக்கொள்ளட்டும்.

ஆடாதோடை இலைகளைப் புகையறையில் காயவைத்தவன் நான். அனுப்பியபோது தேவகிக்கு அது தெரியாது.

அவள் கேட்ட இந்த வரியை எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.